தீட்டத் தெரிந்த கைகள்



போளூர்க் கடைத்தெருவில் முடிதிருத்தகத்திற்குச் செல்லும் நம் சபைச் சகோதரர்கள் ஒரு செயலை நாள்தோறும் காண்கிறீர்கள். சவரம் செய்கிறவர் புதிய பிளேடு ஒன்றைக் காகித உறையோடு இரண்டாக ஒடிக்கிறார். ஒரு பாதியைப் பிடியில் செருகி வேலையை முடிக்கிறார். பிறகு அதை எடுத்து எறிந்துவிடுகிறார். இது நல்ல வழக்கம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. ஒருவரைத் தொட்ட கத்தி மற்றவரைத் தொடலாகாது என்னும் விழிப்பு அதன்பின் ஊர்தோறும் பரவியது. பழைய மடக்குச் சவரக்கத்தி மெல்ல மெல்லப் பெட்டிக்குள் போயிற்று. நம்மை நோயிலிருந்து காத்த இந்த மாற்றத்திற்காக நாம் நன்றியுள்ளவர்களாய் இருக்கிறோம்.

ஆயினும், அந்தக் கத்தியோடு கூட ஓர் அறிவும் பெட்டிக்குள் போயிற்று. பிளேடை எறிகிறவருக்குத் தீட்டத் தெரிய வேண்டியதில்லை. அந்த அறிவை நம் சபையின் மூத்த அங்கத்தினர் ஒருவரிடமிருந்து கடந்த சில மாதங்களாகக் கற்றுவருகிறேன். தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆகவே அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

பெரியவர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சவரத் தொழில் செய்தவர். இன்று அவருடைய கைகள் நடுங்குகின்றன. கண்களிலும் ஒளி குறைந்துவிட்டது. அவருடைய மகனும் அதே தொழிலில்தான் இருக்கிறார். ஆனால் அவர் கடைக்குள் காலெடுத்து வைத்த காலத்திலேயே பிளேடு வந்துவிட்டது; கல்லில் கத்தி தீட்ட அவர் கற்கவில்லை. பெரியவருடைய மனதில் ஒரே ஓர் ஆசை இருந்தது. சனிக்கிழமை மாலையில் தம் சொந்தக் கத்தியினால் முகம் மழித்து, ஞாயிறு காலையில் ஆலயத்திற்கு வர வேண்டும். கத்தியோ அடைப்பத்திற்குள் மழுங்கிக் கிடந்தது. இதைச் சிறிய ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். சிறைச்சாலையிலிருந்து அவசரமாக அழைத்துவரப்பட்ட யோசேப்பும் சவரம் பண்ணிக்கொண்ட பின்னரே பார்வோனுக்கு முன்பாகப் போனான் என்பதை ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். தலைநிமிர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதன் தன் முகத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள விரும்புவது அவனுடைய கண்ணியத்தைச் சார்ந்தது.

“அப்பா, எனக்குச் சொல்லிக் கொடுங்கள்; நான் தீட்டித் தருகிறேன்” என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஐயா, நீங்க இந்தக் கல்லைத் தொட்டா ஊர் என்ன சொல்லும்?” என்றார்.

அந்தக் கேள்விக்குள் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருக்கிறது. நம் ஊர்களில் சவரத் தொழில் செய்த குடும்பத்தார் மருத்துவர் என்றும் அழைக்கப்பட்டனர். கட்டியைக் கீறியவர்களும், புண்ணுக்கு மருந்திட்டவர்களும் அவர்களே. அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊராரின் பிள்ளைகளைத் தங்கள் கைகளில் ஏந்தி உலகிற்குக் கொண்டுவந்தார்கள். திருமணத்திற்கும் அவர்கள் வேண்டும். சாவுக்கும் அவர்கள் வேண்டும். ஆயினும் திண்ணையில் அமர அவர்களுக்கு இடமில்லை. பெரியவருடைய தகப்பனார் பல வீடுகளின் பின்வாசலில் நின்றே கூலி பெற்றவர். “இந்த வேலையை எனக்குக் கத்துக்கொடுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை ஐயா” என்று அவர் சொன்னபோது, அதில் வருத்தத்தைவிட வியப்பே மிகுதியாக இருந்தது.

அவர் தம் அடைப்பத்தைத் திறந்து கல்லை எடுத்தார். ஒரு சாண் நீளம். மூன்று விரல் அகலம். மேற்பரப்பு வெளிர் மஞ்சள், அடிப்பாகம் கருநீலம். அவருடைய பாட்டனார் வேலூரில் வாங்கியது என்று சொன்னார். பெல்ஜியம் நாட்டின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கப்படும் கோட்டிக்யூல் என்னும் கல்லின் அடையாளங்கள் அனைத்தும் அதில் இருந்தன. அந்த மஞ்சள் கல் மென்மையானது. ஆனால் அதனுள் கார்னெட் என்னும் கடினமான மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நெருக்கமாகப் பதிந்துள்ளன. இரும்பை அராவுகிறவை அந்த மணிகளே. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கிடைக்கும் மற்றொரு கல்லுக்கு நோவாக்குலைட் என்று பெயர். நோவாக்குலா என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சவரக்கத்தி என்றே பொருள். ஜப்பானில் கியோட்டோவைச் சுற்றியுள்ள மலைகளும் இத்தகைய கற்களுக்குப் பேர்பெற்றவை.

நம் நாட்டிற்கும் இதில் பங்கு உண்டு. சேலம், நாமக்கல் பக்கங்களில் கிடைக்கும் குருந்தக்கல்லைப் பொடியாக்கி அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்தனர் நம் முன்னோர். ஆங்கிலத்தில் அக்கல்லுக்கு வழங்கும் கொரண்டம் என்னும் பெயர், நம் குருந்தம் என்னும் சொல்லிலிருந்து பிறந்ததே. ஆனால் சுழலும் சாணை அரிவாளுக்கும் கத்தரிக்கும் உரியது. அதன் வேகமும் சூடும் சவரக்கத்தியின் மெல்லிய விளிம்பைக் கெடுத்துவிடும். சவரக்கத்திக்குத் தட்டையான கல்லும், தண்ணீரும், அவசரப்படாத கையும் வேண்டும்.

“நம்ம ஜவ்வாது மலையில இல்லாத கல்லா? அதில் தீட்ட முடியாதா?” என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நம் கருங்கல் ஏற்றது. அரிவாளைக்கூட அதில் தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் கருங்கல்லின் மணிகள் பெரியவை. கடினமானதும் மென்மையானதும் அதில் கலந்தே இருக்கும். அதில் சவரக்கத்தியை இழுத்தால் விளிம்பு பல்பல்லாய்ப் பெயர்ந்துவிடும். தீட்டும் கல்லுக்குக் கடினம் மாத்திரம் போதாது. அதன் மணிகள் நுண்ணியவையாகவும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும். பிறரைத் திருத்த விரும்புகிற நாம் ஒவ்வொருவரும் இதை நின்று யோசிக்கலாம். உறுதியானவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஒரு நாள் கடிந்தும், மறுநாள் கண்டும் காணாமலும் இருக்கிற உறுதி, எதிரே இருப்பவரைக் கூராக்குவதில்லை, பல் பெயர்க்கிறது.

முதல் பாடம் கத்தியைப் பற்றியது அல்ல, கல்லைப் பற்றியது. பல ஆண்டுகள் தீட்டியதில் அந்தக் கல்லின் நடுப்பகுதி மயிரிழை அளவு குழிந்திருந்தது. பென்சிலால் அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடு போடச் சொன்னார். கண்ணாடித் தகட்டின்மேல் நீர் உப்புத்தாளை விரித்து, கல்லைக் கவிழ்த்து, கோடுகள் அனைத்தும் ஒருசேர மறையும்வரை தேய்க்கச் சொன்னார். ஓரத்துக் கோடுகள் முதலில் அழிந்தன; நடுவிலிருந்தவை கடைசிவரை நின்றன. அன்று முழுவதும் கத்தி அடைப்பத்தை விட்டு வெளியே வரவில்லை. கல் நேராக இல்லாவிட்டால் கத்தி நேராகாது என்பதே அவர் சொன்ன காரணம். பிள்ளைகளை வளர்க்கிற பெற்றோருக்கும், பிரசங்கபீடத்தில் நிற்கிற எனக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டாம் பாடம் கோணத்தைப் பற்றியது. சமையலறைக் கத்தியைத் தீட்டுகிறவர் எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதைத் தம் கையால் தீர்மானிக்கிறார். சவரக்கத்தியில் அந்தத் தீர்மானத்திற்கு இடமில்லை. கத்தியின் தடித்த முதுகும் மெல்லிய வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படிந்திருக்க வேண்டும். அப்படிப் படிந்தால், கத்தியைச் செய்தவர் முதுகின் தடிமனாலும் கத்தியின் அகலத்தாலும் முன்னமே குறித்து வைத்த கோணம் தானாகவே அமைகிறது. அது சுமார் 16 முதல் 18 பாகை வரை இருக்கும். தீட்டுகிறவர் முதுகைத் தூக்காமல் இருந்தால் போதும். வாய் முன்னே செல்லும்படி, கல்லின்மேல் மெல்லிய ஏடு ஒன்றைச் சீவி எடுப்பதைப்போலத் தள்ள வேண்டும். கல்லின் அகலத்தைவிடக் கத்தி நீளமானது. ஆகவே தள்ளும்போதே குறுக்காகவும் இழுத்து, அடி முதல் நுனி வரை எல்லாப் பகுதியும் கல்லைத் தொடும்படி செய்ய வேண்டும். கல்லின் முடிவில் கத்தியைத் திருப்பும்போது முதுகின்மேல்தான் புரட்ட வேண்டும். வாயின்மேல் ஒருபோதும் புரட்டலாகாது.

மூன்றாம் பாடம் பளுவைப் பற்றியது. தொடக்கத்தில் சிறிய கல் துண்டு ஒன்றால் பெரிய கல்லின்மேல் தண்ணீர் விட்டு உரைக்கிறோம்; பால் போன்ற குழம்பு உண்டாகிறது. அந்தக் குழம்பில் விடுபட்டுக் கிடக்கும் மணிகள் விரைவாக இரும்பை எடுக்கும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்கச் சேர்க்கக் குழம்பு நீர்க்கிறது, வேலை மெதுவாகிறது, விளிம்பு நுண்மையாகிறது. கடைசியில் வெறும் தண்ணீர். கையின் பளு கத்தியின் சொந்த எடைக்கு மேல் போகக்கூடாது. முடிவு நெருங்க நெருங்கக் கையை இலேசாக்க வேண்டும்.

பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்றேன். அவர் என் கையைப் பார்த்துக் கற்பிக்கவில்லை, கேட்டுக் கற்பித்தார். திண்ணையில் கண்களை மூடி அமர்ந்திருப்பார். கத்தியின் ஓசை கல்லில் எழும். “அடிப்பக்கம் படலை ஐயா” என்பார். அல்லது, “இப்ப நுனியில கை அழுந்துது” என்பார். ஒவ்வொரு முறையும் அவர் சொன்னதே சரியாக இருந்தது. மழுங்கிய கத்தி கரகரவென்று பேசும். கூர் ஏற ஏற அந்த ஓசை தணிந்து, பட்டுத்துணி நழுவுவதைப் போலாகிவிடும். கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளமும் ஒன்று உண்டு. விளிம்பு முழுவதும் கல்லோடு ஒட்டிவிட்டால், முன்னே தள்ளப்படும் தண்ணீர் கத்திக்கு அடியில் புகாமல், அதன் மேற்புறத்தில் ஏறி ஓடும். அவர் அதையும் ஓசையாலேயே அறிந்துகொண்டார்.

கல்லுக்குப் பின் தோல்வார். இங்கே திசை மாறுகிறது. கல்லில் வாய் முன்னே சென்றது. வாரில் முதுகு முன்னே செல்ல வேண்டும், வாய் பின்தொடர வேண்டும். மாற்றி இழுத்தால் கத்தி வாரையே அறுத்துவிடும். ஐம்பது, அறுபது இழுப்புகள் போதும். பின்னர் ஒரு தலைமயிரைப் பிடித்து அதன்மேல் விளிம்பைத் தொடுவிக்க வேண்டும். இழுக்காமலேயே மயிர் அறுந்து விழுந்தால் கத்தி முகத்திற்குப் போகலாம். சவரம் முடிந்ததும் கழுவி, ஈரமற்றுத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி மூடி வைக்க வேண்டும். இல்லையேல் துரு அந்த மெல்லிய விளிம்பிலிருந்தே தொடங்கும்.

பிரியமானவர்களே, இவ்வளவு கடினமான எஃகை மழுங்கச் செய்வது எது என்று எண்ணியிருக்கிறீர்களா? மனிதனுடைய மயிர், எஃகைக் காட்டிலும் ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சவரம் நிகழும்போது விளிம்பில் நேர்வதை நுண்ணோக்கியில் கண்டு, 2020ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். விளிம்பு சீராகத் தேய்ந்து போவதில்லை. மயிர் வளைந்து ஒரு பக்கமாக மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. பெரிய அடி எதுவும் தேவைப்படவில்லை; மென்மையானதும் அன்றாடமானதுமான ஒன்றே போதுமானதாக இருந்தது. நம் உள்ளத்தின் கூர்மையைக் கெடுப்பவையும் பெரும் சோதனைகள் மாத்திரம் அல்ல. வீட்டில் சொன்ன ஒரு கடுஞ்சொல், கேட்டும் கேளாததுபோல் கடந்துபோன ஒரு விண்ணப்பம் ஆகியவை மயிரைப் போன்றவை. ஆகவேதான் நன்றாக இருக்கிற கத்தியையும் பெரியவர் ஒவ்வொரு சவரத்திற்கு முன்பும் வாரில் இழுக்கச் சொல்கிறார்.

தீட்டும் அறிவை இழந்த ஒரு ஜனத்தின் நிலையை 1 சாமுவேல் 13ஆம் அதிகாரம் காட்டுகிறது. சவுலின் நாட்களில் இஸ்ரவேல் தேசம் எங்கும் ஒரு கொல்லன் இல்லை. கொழுவையோ கோடரியையோ கூராக்க வேண்டுமானால், தங்களை ஒடுக்கிய பெலிஸ்தரிடமே இறங்கிப்போக வேண்டியிருந்தது. அந்தப் பகுதியில் வரும் எபிரெயச் சொல் ஒன்றின் பொருள் நெடுங்காலம் விளங்காதிருந்தது. பழைய மொழிபெயர்ப்புகள் அதை அரம் என்று கொண்டன. இருபதாம் நூற்றாண்டில், பிம் என்று பொறிக்கப்பட்ட சிறிய எடைக்கற்கள் அந்த நிலத்தில் தோண்டியெடுக்கப்பட்டன. ஒன்றின் எடை சுமார் 7.8 கிராம், ஏறத்தாழ ஒரு சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே அந்தச் சொல் கருவியைக் குறிக்கவில்லை, கூலியைக் குறித்தது என்பது தெளிவாயிற்று. ஒவ்வொரு முறை கூராக்கவும் அவ்வளவு வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார்கள். அறிவைத் தன் நடுவே காத்துக்கொள்ளாத ஜனம் அதைப் பிறகு வெள்ளி கொடுத்து வாங்குகிறது. நம் நடுவே அந்த அறிவு இருக்கிறது. ஆனால் அது பின்வாசலில் நிற்கிறது.

நமது மலையின் மேலேயே இதற்கு வேறொரு சாட்சி உண்டு. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. அதன் பெரிய ஆடி பெங்களூரில் இந்திய வானியற்பியல் கழகத்தின் கூடத்தில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. அங்கும் முறை இதுவே: பருமணியில் தொடங்கி, நுண்மணிக்குச் சென்று, முடிவில் கைக்குத் தெரியாத அளவே எடுத்து, ஆயிரமுறை அளந்து பார்ப்பது. இந்த வேலையைத் தொடங்கிவைத்த வைணு பாப்பு 1982இல் மறைந்தார். தொலைநோக்கி 1986இல் திறந்துவைக்கப்பட்டு, இன்று அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் பார்க்காத வானத்தை, அவர் பயிற்றுவித்த கைகள் பார்த்தன. கற்பித்துவிட்டுப் போகிறவரின் வேலை அவரோடு முடிந்துவிடுவதில்லை.

“போதகருக்கு இந்த வேலை எதற்கு?” என்று உங்களில் சிலர் கேட்டதை அறிவேன். அன்பினால் கேட்டவர்களும் உண்டு. வேறு எண்ணத்தோடு கேட்டவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரே மறுமொழி சொல்கிறேன். நம்முடைய ஆண்டவர் சீஷருடைய கால்களைக் கழுவினபோது, பேதுருவும் ஏறத்தாழ இதையே கேட்டான். நாம் ஒவ்வோராண்டும் பெரிய வியாழனன்று அந்தப் பகுதியை வாசிக்கிறோம், பிரசங்கிக்கிறோம். பின்பு வெளியே வந்து, எந்த வேலை யாருக்கு உரியது என்று பிரிக்கத் தொடங்கினால், நாம் வாசித்தது எதற்கு? சவரக்கத்தியைத் தீட்டுவது தாழ்ந்த வேலை அல்ல. அதைத் தீட்டிக் காட்டுங்கள் என்று நம்மில் எவரிடமாவது கொடுத்தால் அதன் உயரம் விளங்கும். ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய விளிம்பை, அளவுகோலும் நுண்ணோக்கியும் இல்லாமல், காதினால் அறிந்து உண்டாக்கிய மனிதர் அரைநூற்றாண்டு காலம் நமக்கு நடுவே இருந்தார். நாம் அவரிடம் முடி வெட்டிக்கொண்டு சில்லறையை எண்ணிக் கொடுத்தோம்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் கல்லுக்கு இரு பக்கமும் இருவர் அமர்கிறோம். நான் தீட்டுகிறேன், பெரியவருடைய மகன் தம் தகப்பனாரின் முகத்தை மழிக்கிறார். கடந்த மாதம் முதல் மகனும் கல்லைத் தொடத் தொடங்கியிருக்கிறார். கடையில் அவர் பிளேடையே பயன்படுத்துவார், பயன்படுத்தவும் வேண்டும். ஆனால் தம் தகப்பனாரின் கத்தியைத் தாமே தீட்ட வேண்டும் என்கிறார். “இவன் கை என் கையைவிட இலேசு” என்று பெரியவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மகனுடைய காதிலும் அது விழுந்தது. அவர் தலைநிமிராமல் தீட்டிக்கொண்டிருந்தார்.

இந்த வாரம் உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ, இந்தச் சபையின் கடைசி வரிசையிலோ, கையில் ஒரு தொழிலறிவோடு அமர்ந்திருக்கும் மூத்தவர் ஒருவர் இருப்பார். அது பாய் முடைவதாக இருக்கலாம். ஏர் பூட்டுவதாக இருக்கலாம். செருப்புத் தைப்பதாகவோ பிரசவம் பார்ப்பதாகவோ இருக்கலாம். அவரிடம் நலம் விசாரித்துவிட்டு வந்துவிடாதீர்கள். அருகே அமர்ந்து, “எனக்குச் சொல்லிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். முதலில் அவர் மௌனமாக இருப்பார்; ஊர் என்ன சொல்லும் என்று தயங்கவும் செய்வார். நீங்கள் எழுந்துவிடாமல் காத்திருங்கள்.

உங்கள் கைகளின் கிரியையைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.